தட்டு நிற்கும் வரை

பாட்டில் தொழிற்சாலையில் அவனுக்கு வேலையே குறை கண்டுபிடிப்பதுதான். சம்பளம் கொடுத்துக் குறை சொல்லச் சொல்லும் இடம் உலகத்தில் எத்தனை இருக்கும், சொல்லுங்கள்! வெளிச்சமான ஒரு திரைக்கு முன்னால் காலி பாட்டில்கள் பெல்ட்டில் வரிசையாக வரும். கீறலோ, குமிழியோ, கழுத்தில் விரிசலோ கண்ணில் பட்டால் கை தானாக நீண்டு அதை எடுத்துக் கீழே இருக்கும் தொட்டியில் போட்டுவிடும். பத்தொன்பது வருஷமாக இதே வேலை. ஒரு பாட்டிலை அவன் ஒரு வினாடிக்கு மேல் பார்த்தது கிடையாது.

ஆனால் அவனுக்குத் தராசு என்று பெயர் வந்தது அதனால் இல்லை. வருஷா வருஷம் டிசம்பர் கடைசியில், அந்த வருஷம் வந்த மெட்டல், ராக் இசை ஆல்பங்களில் தனக்குப் பிடித்த பத்தை வரிசைப்படுத்தி இணையத்தில் போடுவான். பதினாறு வருஷமாகப் போடுகிறான். முதல் வருஷம் படித்தவர்கள் ஏழு பேர், அதில் ஒருவன் அவனே. இப்போது அறுநூறு பேர் காத்திருக்கிறார்கள். தராசு சொன்னால் சரியாக இருக்கும் என்று ஒரு பேச்சு. கூடப் படித்தவன், குடித்தவன் என்று யாருக்காகவும் முள்ளை ஒரு நூல் கூடச் சாய்க்க மாட்டான். ஒருமுறை உயிர் நண்பன் ஒருவனின் குழுவைப் பற்றி, "கிட்டார் நன்றாக இருக்கிறது, வாசிப்பவர்தான் இல்லை" என்று எழுதிவிட்டு, அந்த நண்பனையே இழந்தான். அதில் அவனுக்கு ஒரு பெருமை வேறு!

பட்டியலுக்கு இரண்டு சட்டம் உண்டு. ஓர் ஆல்பத்தின் சி.டி.யைப் போட்டால், தட்டு தானாக நிற்கும் வரை எழுந்திருக்கக் கூடாது. முழுசாக மூன்று முறை கேட்காத ஆல்பம் பட்டியலுக்குள் வரக் கூடாது. இரண்டும் அவன் போட்ட சட்டம் இல்லை, அவன் அண்ணன் போட்டது.

அண்ணனுக்கு இடி என்று பெயர். கிடங்கில் சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுபவன். அந்த வண்டியின் ஹாரன் கெட்டுப்போய் நாலு வருஷமாகியும் யாரும் மாற்றவில்லை, தேவைப்படவில்லை. அப்படி ஒரு குரல். சனிக்கிழமைகளில் டிரம்மரின் கார் ஷெட்டில் நாலு பேர் கூடுவார்கள், அந்தக் குழுவுக்குப் பெயர் கரும்பாறை. அதில் அண்ணன்தான் பாடகன். அடிவயிற்றிலிருந்து எடுத்து உறுமினால் ஷெட்டின் தகரக் கதவு அதிரும். "இது பாட்டா, இல்ல யாராவது மாட்டிக்கிட்டு கத்துறாங்களா?" என்று அண்ணி கேட்பாள். கேட்டுக்கொண்டே நாலு பேருக்கும் டீ கொடுத்தனுப்புவாள்.

அந்தச் சட்டம் பிறந்தது அவர்கள் பள்ளிக்கூடம் போகும் நாட்களில். இருவரும் சேர்ந்து வாங்கிய முதல் சி.டி.யைப் போட்டிருந்தார்கள். கடைசிப் பாட்டு முடிந்ததும், எழுந்து நிறுத்தச் சோம்பல்பட்டு இருவரும் தரையிலேயே கிடந்தார்கள். ஒன்பது நிமிஷம் சத்தமே இல்லை. பிறகு திடீரென்று, அட்டையில் பெயரே இல்லாத ஒரு பாட்டு கிளம்பியது. அண்ணன் துள்ளி எழுந்தான். தம்பி ஜன்னலில் தலையை இடித்துக்கொண்டான். "பாத்தியா! இனிமே தட்டு நிக்கிற வரைக்கும் எவனும் எந்திரிக்கக் கூடாது. அங்க எவனாவது நமக்காகக் காத்துக்கிட்டு இருப்பான்டா" என்றான் அண்ணன். அன்றிலிருந்து அவர்கள் வீட்டில் ஆல்பம் முடிந்த பிறகும் இரண்டு பேர் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். மற்றவர்களுக்கு அது பைத்தியக்காரத்தனமாகத்தான் தெரிந்தது.

இந்த வருஷம் பிப்ரவரியில் கரும்பாறை பதினொரு வருஷத்துக்குப் பிறகு ஓர் ஆல்பம் போட்டது. நூறு பிரதி. முதல் பிரதியை அண்ணன் தானே கொண்டுவந்து கொடுத்தான். கடையில் அடித்த தட்டு இல்லை, அவனே கணினியில் பதிந்தது. மேலே பேனாவால் 'தராசுக்கு' என்று எழுதியிருந்தது.

"நல்லா கேளு. நம்ம சட்டப்படி கேளு" என்றான். குரல் கரகரப்பாக இருந்தது. பயிற்சி அதிகம் போலிருக்கிறது என்று தராசு நினைத்துக்கொண்டான்.

அன்று சாயங்காலமே போட்டான். முதல் பாட்டில் டிரம் சத்தம் பிளாஸ்டிக் வாளியைத் தட்டுவதாகக் கேட்டது. இரண்டாவதில் கிட்டார் எங்கோ போர்வைக்குள் இருந்தது. மூன்றாவது முதலாவதேதான், கொஞ்சம் வேகமாக. நாலாவது இழு இழு என்று இழுத்தது. தராசுக்கு முகம் சுட்டது. ஊரான் ஆல்பமாக இருந்தால் நாலு வரியில் கிழித்துத் தொங்கவிட்டிருப்பான். இது சொந்த ரத்தம். நல்லா இருக்கு என்று சொன்னால் பொய், இல்லை என்று சொன்னால் அண்ணன் முகத்தைப் பார்க்க முடியாது. கை தானாக நீண்டது. நிறுத்தினான். இருபத்தைந்து வருஷத்தில் முதல்முறையாக, ஓடிக்கொண்டிருந்த தட்டை நிறுத்தினான். பெல்ட்டில் வந்த விரிசல் பாட்டிலை எடுத்துப்போட்ட மாதிரி அலமாரியில் செருகிவிட்டு, சாப்பிடப் போனான்.

நாலு நாள் கழித்து அண்ணன் வாசலில் வந்து நின்றான். உள்ளே வரவில்லை.

"முழுசா கேட்டியா?"

"கேட்டேன்ணா."

"கடைசி வரைக்குமா?"

"பின்ன? தட்டு நிக்கிற வரைக்கும்."

அண்ணன் அவனையே பார்த்துக்கொண்டு நின்றான். ஏதோ எதிர்பார்க்கிறான் என்பது தராசுக்குப் புரிந்தது. பாராட்டு என்று நினைத்தான். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ளக் கூடாது என்று, "இப்ப அவசரம் என்னண்ணா? டிசம்பர் வரட்டும், பாத்துக்கலாம்" என்றான்.

"டிசம்பரா" என்றான் அண்ணன். பிறகு தலையை ஆட்டிக்கொண்டு படியிறங்கிப் போனான்.

அதன் பிறகு அண்ணன் வருவது குறைந்தது. போன் செய்தால் அண்ணி எடுத்தாள். ஆல்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லாததில் கோபம், தானாகத் தணியும் என்று தராசு விட்டுவிட்டான். ஜூனில் கிடங்கில் வேலை செய்துகொண்டிருக்கும்போதே அண்ணன் வாயிலிருந்து ரத்தம் வந்தது. அண்ணிதான் இழுத்துக்கொண்டு போனாள். தொண்டையில் புற்று. தராசும் பின்னாலேயே ஓடினான். டாக்டர் படங்களை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "பிப்ரவரி, மார்ச்சுல வந்திருந்தா கதிர்வீச்சுலயே முடிச்சிருக்கலாம். குரல் தப்பிச்சிருக்கும். இவ்வளவு நாள் ஒண்ணுமே தெரியலையா?" என்று கேட்டார். அண்ணன் திரும்பித் தராசைப் பார்த்தான். அந்தப் பார்வையைப் பயம் என்று தராசு எடுத்துக்கொண்டு, அவன் தோளைத் தட்டிக்கொடுத்தான். அண்ணன் தோளை விலக்கிக்கொண்டான்.

ஆகஸ்டில் குரல்வளையை எடுத்தார்கள். கழுத்தில் ஓர் ஓட்டை, அதில் ஒரு குழாய், அதன் வழியாக மூச்சு. ஃபோர்க்லிஃப்டுக்குப் புது ஆள் வந்தான், புது ஹாரனும் வந்தது. கரும்பாறையின் டிரம்மர் ஒரே ஒருமுறை பார்க்க வந்து, அழுதுவிட்டுப் போனார். அண்ணனுக்கு ஒரு சின்ன வெள்ளைப் பலகையும் நீலப் பேனாவும் வாங்கிக் கொடுத்தார்கள். எழுதுவான், காட்டுவான், அழிப்பான். தராசு ஒவ்வொரு ஞாயிறும் போனான். அவனுக்காக மட்டும் அண்ணன் பேனாவை எடுப்பதே இல்லை.

"அண்ணி, என்கிட்ட மட்டும் அண்ணன் ஏன் இப்படி இருக்கார்?"

"எனக்கென்ன தெரியும்? உங்க பாட்டுச் சண்டையில நான் தலையிடுறதில்ல. ஆனா ஒண்ணு தம்பி, உங்க பேரை எடுத்தாலே பலகையைக் கவுத்து வெச்சிடுறார்" என்றாள் அண்ணி.

இப்படியாக டிசம்பர் வந்தது. தராசுதானே வரட்டும் என்றான், வந்துவிட்டது.

தராசு பட்டியலைத் தொடங்கினான். நல்ல வருஷம். நாலு பெண்கள் சேர்ந்த 'சாம்பல் வாசல்' என்ற குழு மூன்றே பாட்டில் ஐம்பது நிமிஷ ஆல்பம் போட்டிருந்தது. 'ஒவ்வொரு அடியும் கதவைத் தட்டி, யார் என்று கேட்பதற்குள் அடுத்த அடி விழுகிறது' என்று எழுதினான். பதினான்கு வருஷம் கழித்துத் திரும்பி வந்த கிழட்டு ராக் குழு ஒன்று. தொந்தியும் தொப்பியுமாக, கொஞ்சமும் வெட்கப்படாமல், நேற்று விட்ட இடத்திலிருந்து வாசித்திருந்தார்கள். அவர்களுக்கு ஐந்தாம் இடம். நிலவறையில் தனியாக உட்கார்ந்து எல்லா வாத்தியத்தையும் தானே வாசித்துப் பதிந்த ஒருவன். அவன் கத்துவதைக் கேட்டால் பக்கத்து வீட்டுக்காரர் மேல் பரிதாபம் வரும், ஆனாலும் விட முடியவில்லை. மூன்றாம் இடம். இருபத்தெட்டே நிமிஷத்தில் பதிமூன்று பாட்டை அடித்துத் தள்ளிய பொடியன்களுக்கு ஏழு. இப்படி இரண்டிலிருந்து பத்து வரை நிரம்பியது. முதலிடத்தை மட்டும் காலியாக விட்டிருந்தான்.

அதில் அண்ணன் ஆல்பத்தைப் போடுவதாகத்தான் முடிவு. பதினாறு வருஷத்தில் முதல் பொய். குரல் போன மனுஷனுக்கு இது கூடச் செய்யாவிட்டால் தம்பி என்று எதற்கு? அறுநூறு பேர் சிரித்தால் சிரிக்கட்டும். பாராட்டைக் கூட எழுதி வைத்துவிட்டான்: 'கடைசிப் பாட்டு வரை நெஞ்சை விடாமல் பிடிக்கும் ஆல்பம்.' எழுதியதைத் திரும்பப் படித்தபோது அந்தக் கடைசிப் பாட்டைத் தான் கேட்கவே இல்லை என்பது உறுத்தியது. பொய் சொல்வதாக இருந்தாலும் முறைப்படி கேட்டுவிட்டுச் சொல்வோம் என்று எழுந்தான். ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் சாப்பாடு முடிந்த நேரம். அலமாரியில் தூசி தட்டி அந்தத் தட்டை எடுத்துப் போட்டான்.

முதல் மூன்று பாட்டும் பிப்ரவரியில் இருந்தபடிதான் இருந்தன. நாலாவது இழுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஐந்தாவதில் எதுவோ மாறியது. ஆறாவதில் அண்ணன் உறுமலை விட்டுவிட்டு, ஒரே ஒரு வரியை மெதுவாக, மூச்சு வாங்கப் பாடினான். ஏழாவது, சத்தியமாக, நன்றாக இருந்தது. எட்டாவதும் முடிந்தது. அட பாவி, இது பத்துக்குள் நியாயமாகவே வரும் ஆல்பம்! இன்னும் நாலே பாட்டு பொறுத்திருந்தால் அண்ணனிடம் நல்ல வார்த்தையை நிஜமாகவே சொல்லியிருக்கலாம். தும்பை விட்டு வாலைப் பிடிக்கும் பிழைப்பு என்று தன்னையே திட்டிக்கொண்டு எழுந்திருக்கப் போனான்.

பாட்டுப் பெட்டியில் எண்கள் நிற்கவில்லை. சத்தம் இல்லை, ஆனால் வினாடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

உட்கார்ந்தான். மூன்று நிமிஷம். ஐந்து. வெளியே யாரோ வண்டி கழுவும் சத்தம். ஒன்பது நிமிஷம் ஆனதும் பெட்டியிலிருந்து ஒரு நாற்காலி இழுபடும் சத்தம் வந்தது. பிறகு அண்ணன். பாட்டு இல்லை, பேச்சு.

"டேய் தராசு. இவ்வளவு நேரம் உக்காந்திருக்கேன்னா நீ என் தம்பிதான்டா. இது உன் தட்டுல மட்டும்தான் இருக்கு. மத்தவனுங்களுக்குத் தெரியாது."

இருமினான்.

"தொண்டையில பட்டாணி மாதிரி ஒண்ணு தட்டுதுடா. ரெண்டு மாசமா. உங்க அண்ணிக்குச் சொல்லல, அவ ஊரைக் கூட்டிடுவா. ஆஸ்பத்திரிக்குத் தனியாப் போக எனக்குத் தைரியம் இல்ல. சிரிக்காதே. அப்பாவை வயித்துவலின்னு கூட்டிட்டுப் போனோம், எப்படித் திரும்பி வந்தார்னு உனக்குத் தெரியும். நேர்ல சொல்லலாம்னு மூணு தடவை வந்தேன், வாய் வரல. அதான் இப்படி. நீ ஒண்ணும் கேக்க வேணாம். வண்டியை எடுத்துக்கிட்டு வந்து வாசல்ல ஹாரன் அடி, நான் ஏறி உக்காந்துக்கறேன். ஆல்பத்தைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம். வர்றியா?"

தட்டு நின்றது.

தராசு எழுந்து சுவரோரம் போய் நின்றான். வாசலில் வந்து நின்ற அண்ணன் கண்ணுக்கு முன்னால் நின்றான். கடைசி வரைக்குமா என்று கேட்டான். பின்ன, என்று இவன் சொன்னான். அவசரம் என்ன, டிசம்பர் வரட்டும். ஐயோ, ஐயோ என்று சுவரில் கையால் அடித்துக்கொண்டான். பத்து மாசமாக அண்ணன் எதைச் சுமந்துகொண்டு திரிந்தான் என்பது இப்போதுதான் உறைத்தது.

சொல்லாமலே விட்டுவிடலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. மறைப்பானேன், வந்தது. ஆனால் விட்டால், கேட்டும் வராத தம்பியாகவே சாகும் வரை இருக்க வேண்டும். சொன்னால், கேட்கவே கேட்காத தம்பி. எந்தப் பக்கம் திரும்பினாலும் அடிதான். தட்டையும் பெட்டியையும் பட்டியல் தாளையும் எடுத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினான்.

அண்ணி கதவைத் திறந்தாள். அவன் முகத்தைப் பார்த்து, "என்ன தம்பி, உடம்பு சரியில்லையா?" என்றாள். அண்ணன் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, கழுத்துக் குழாயின் உள் துண்டைச் சின்ன பிரஷ்ஷால் கழுவிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை. தராசு பெட்டியை மேஜையில் வைத்தான். தட்டைப் பக்கத்தில் வைத்தான்.

"அண்ணா. நான் இதைக் கேக்கல. பிப்ரவரியில கேட்டேன்னு சொன்னது பொய். இன்னிக்குத்தான் கேட்டேன். இப்பத்தான், சாப்பிட்டுட்டு."

பிரஷ் நின்றது. அண்ணன் முதல்முறையாக அவனை நேராகப் பார்த்தான். கழுத்து ஓட்டையில் மூச்சு வேகமாக வந்துபோனது. குழாயைத் துடைத்து, பொறுமையாகப் பொருத்திக்கொண்டு, பலகையை இழுத்து எழுதினான்.

'எங்க நிறுத்தினே?'

"நாலாவது பாட்டுல."

அண்ணன் அழித்தான். 'நாலாவது இழுவைதான். நானே சொன்னேன், டிரம்மர் கேக்கல.'

தராசுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து, அழுகைதான் ஜெயித்தது. அண்ணிக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னங்க நடக்குது இங்க?" என்றாள். அண்ணன் அவளைப் பார்த்துக் கையை அமர்த்திவிட்டு மறுபடி எழுதினான். இந்த முறை நிறைய எழுதினான். பேனா கீச்சிட்டது.

'நீ அவசரம் என்னன்னு கேட்டே. நீ தட்டை முழுசா கேட்டுட்டுத்தான் அப்படிச் சொல்றேன்னு நினைச்சேன். சரி, பெருசா ஒண்ணும் இல்லபோலன்னு நானும் இருந்துட்டேன்.'

அழித்தான்.

'அப்புறம் நீ பயந்துட்டேன்னு நினைச்சேன். அப்பா விஷயத்துல நீயும்தானே இருந்தே. பயந்தவனை என்ன சொல்றது? போன மாசம்தான் மன்னிச்சேன். ரொம்பக் கஷ்டப்பட்டு.'

அழித்தான். பேனாவைப் பலகைமேல் வைத்து யோசித்தான். 'இதை' என்று மட்டும் எழுதினான். அதற்குமேல் பேனா ஓடவில்லை. அந்த ஒரு வார்த்தையையும் உள்ளங்கையால் தேய்த்து அழித்தான்.

"என்னை அடிண்ணா" என்றான் தராசு. "நாலு அறை விடு. வாங்கிக்கறேன்."

அண்ணன் தலையசைத்து மறுத்தான். தராசு சட்டைப் பையிலிருந்து பட்டியலை எடுத்து விரித்தான். "முதலிடம் உனக்குத்தான் எழுதியிருக்கேன். கேக்காம எழுதினேன், ஒத்துக்கறேன். ஆனா இப்பக் கேட்டுட்டேன். சத்தியமா நல்லா இருக்குண்ணா. அஞ்சாவதுலேருந்து."

அண்ணன் தாளை வாங்கி, மேலிருந்து கீழே நிதானமாகப் படித்தான். சாம்பல் வாசலின் பெயர் வந்த இடத்தில் லேசாகத் தலையாட்டினான், அவனுக்கும் அது பிடித்திருந்தது போலிருக்கிறது. பிறகு நீலப் பேனாவால் முதலிடத்தில் இருந்த கரும்பாறையை அடித்தான். பலகையில் எழுதினான்.

'எத்தனை தடவை கேட்டே?'

"ஒரு தடவை."

அண்ணன் இரண்டு விரலை உயர்த்திக் காட்டினான். இன்னும் இரண்டு பாக்கி. சட்டம் சட்டம்தான்.

"அண்ணா, வேணாம்ணா. அந்தக் கடைசியை என்னால மறுபடியும்..."

அண்ணன் தட்டை எடுத்துப் பெட்டியில் போட்டான். எதிர் நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டான். தராசு உட்கார்ந்தான். முதல் பாட்டு வாளியைத் தட்டிக்கொண்டு தொடங்கியது. அண்ணி கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, தானும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். அவளுக்கு இன்னும் யாரும் எதுவும் சொல்லவில்லை. எட்டுப் பாட்டும் ஒருவரும் அசையவில்லை. ஆறாவதில் அந்த மெதுவான வரி வந்தபோது அண்ணனின் உதடுகள் கூடவே அசைந்தன, சத்தமில்லாமல். பிறகு ஒன்பது நிமிஷம். குழாயில் மூச்சு போய்வருவது மட்டும் கேட்டது. "முடிஞ்சிருச்சே, நிறுத்தலையா?" என்று அண்ணி கேட்டாள்.

நாற்காலி இழுபட்டது. டேய் தராசு, என்றது பெட்டி. நாலு மாசமாக அந்த வீட்டில் கேட்காத குரல். அண்ணி வாயைப் பொத்திக்கொண்டாள். பட்டாணி என்றபோது அவள் முகம் தராசின் பக்கம் திரும்பியது, பிறகு அங்கிருந்து விலகவே இல்லை. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு, யாரோ மூன்றாம் மனுஷன் பேசுவதைக் கேட்பவனாக, கடைசி வார்த்தை வரை கேட்டான்.

"வர்றியா?"

தட்டு நின்றது. அண்ணன் கண்ணைத் திறந்து தம்பியைப் பார்த்தான். ஒரு விரலை உயர்த்தினான். தராசு எழுந்து, தன் கையாலேயே தட்டை மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டான்.